மலையை விட்டு மனிதர் இறங்கியபோது

2018-ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் வட கொரியத் தலைவர் கிம் ஜோங் உன், தென் கொரிய ஜனாதிபதி மூன் ஜே இன்னுக்கு ஒரு பரிசு அனுப்பினார். இரண்டு நாட்டுத் தலைவர்கள் சந்தித்துப் பேசுகிறபோது கைமாறும் பரிசு என்றால் வேலைப்பாடு மிகுந்த ஜாடியோ, தங்கப்பிடி போட்ட வாளோ என்றுதான் நமக்குத் தோன்றும். விமானத்தில் வந்து இறங்கியது காளான். இரண்டு டன் காளான்! தென் கொரிய சர்க்கார் அதை அரை அரைக் கிலோவாகப் பிரித்து, நாடு இரண்டாகப் பிளந்தபோது குடும்பமும் பிளந்து, எல்லைக்கு அப்பால் நின்றுவிட்ட உடன்பிறந்தாரைப் பார்க்கக் கொடுத்து வைக்காத கிழவர் கிழவியர் சுமார் 4,000 பேருக்கு அனுப்பி வைத்தது. அது வடக்கே எந்த மலையில் பறித்ததோ, அந்த மலையடிவாரத்தில்தான் நம் ஊரும் இருந்தது என்று அவர்களில் எத்தனை பேர் நினைத்துக் கொண்டார்களோ, யார் கண்டார்கள்?

கொரியாவில் அதற்குச் சோங்-இ என்று பெயர். ஜப்பானில் மாட்ஸுடாக்கே. மாட்ஸு என்றால் பைன் மரம். டாக்கே என்றால் காளான். உலகம் ஜப்பானியப் பெயரைத்தான் எடுத்துக் கொண்டிருக்கிறது. நான் அதைத் தின்றதில்லை, முகர்ந்துகூடப் பார்த்ததில்லை. ஆனாலும் அதன் சரித்திரத்தைச் சில காலமாகத் துரத்திக் கொண்டிருக்கிறேன். அதற்குக் காரணம் 2020 ஜூலையில் வந்த ஒரு பட்டியல். உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம், அழிந்து வரும் உயிர்களைச் 'சிவப்புப் பட்டியல்' என்று ஒன்றில் சேர்த்து வைக்கிறது. அதில் அந்த வருஷம் மாட்ஸுடாக்கேயும் ஏறியது. 'எளிதில் நலிவுறக் கூடியது' என்ற படியில் அதை வைத்தார்கள். அபாயப் படிகள் மூன்றில் இது முதற்படி. இதற்கு அடுத்தது 'ஆபத்தில் உள்ளது', அதற்கும் அடுத்தது 'மிகக் கடுமையான ஆபத்தில் உள்ளது.' அதையும் தாண்டினால் பட்டியலில் பெயர் இருக்கும். காட்டில் ஆள் இருக்காது.

புலிக்கும் காண்டாமிருகத்துக்கும் இப்படிப் பட்டியல் போடுவது நமக்குப் பழகிய சங்கதி. காளானுக்குமா என்று கேட்கத் தோன்றும். இந்தப் பட்டியல்காரர்களே காளான், பூஞ்சை இனங்களின் பக்கம் வெகு தாமதமாகத்தான் திரும்பினார்கள். உலகத்தில் அந்த இனங்கள் 25 லட்சம் இருக்கலாம் என்கிறார்கள். பெயர் சூட்டியவை சுமார் ஒன்றரை லட்சம். 2025 மார்ச்சில் கணக்கெடுத்தபோது, பட்டியலில் ஆராய்ந்து எழுதப்பட்டவை 1,300. அவற்றுள் 411 அழியும் அபாயத்தில் இருந்தன. ஏன் இவ்வளவு சுணக்கம் என்றால், காளானை எண்ணுவது புலியை எண்ணுவது போல அல்ல. நாம் கையில் பறிக்கிறோமே குடை, அது மரத்தில் மாங்காய் மாதிரி. மரம் மண்ணுக்குள்ளே இருக்கிறது.

மாட்ஸுடாக்கேயின் 'மரம்' வெள்ளை வெளேரென்ற நுண்ணிய இழைகளால் ஆன ஒரு பாய். செம்பைன் மரத்தின் இளவேர்களைச் சுற்றிக் கொண்டு அது மண்ணுக்குள் படர்ந்திருக்கும். இழைகள் மண்ணிலிருந்து நீரையும் உப்புச் சத்துகளையும் உறிஞ்சி வேருக்குக் கொடுக்கும். மரம் வெயிலில் சமைத்த சர்க்கரையை இழைகளுக்குக் கொடுக்கும். கொடுக்கல் வாங்கலில் இரண்டு பேருக்கும் லாபம். ஜப்பானியர் இந்தப் பாயை 'ஷிரோ' என்கிறார்கள். அவர்கள் பாஷையில் அந்த ஒலிக்கு வெள்ளை என்றும் பொருள் உண்டு, கோட்டை என்றும் பொருள் உண்டு. இரண்டும் பொருந்தத்தான் செய்கிறது. கோட்டை வட்டமாக வெளிப்பக்கம் விரியும். வருஷத்துக்கு 10 முதல் 15 சென்டிமீட்டர் வரை, அதாவது ஒரு சாண் கூட இல்லை. இலையுதிர் காலத்தில் பூமி குளிர்ந்து நல்ல மழையும் பெய்தால், வட்டத்தின் விளிம்போரமாகக் காளான்கள் தலை நீட்டும்.

நம் பக்கத்தில் இடி இடித்தால் புற்றுக்காளான் முளைக்கும் என்பார்கள். எந்தப் புற்றில் முளைக்கும் என்று தெரிந்தவர்கள் அதைப் பெற்ற பிள்ளையிடம் கூடச் சொல்ல மாட்டார்கள். அந்தக் காளானுக்குக் கரையான் வேண்டும். இந்தக் காளானுக்கு உயிருள்ள பைன் வேர் வேண்டும். கொட்டகை போட்டு, வைக்கோலை நனைத்து, விதை தூவி வளர்க்கிற காரியம் இதனிடம் பலிக்கவில்லை. ஜப்பானில் தலைமுறை தலைமுறையாக விஞ்ஞானிகள் முயன்றிருக்கிறார்கள். கியோட்டோ பல்கலைக்கழகத்து ஹமாடா மினோரு இந்த ஆராய்ச்சியில் முன்னோடி என்று பெயர் எடுத்தவர். ஆனாலும் கடைச் சரக்காக மாட்ஸுடாக்கேயைப் பயிர் செய்து காட்டியவர் இன்றுவரை ஒருவரும் இல்லை.

அதன் வாசனைக்குத்தான் இத்தனை மதிப்பு. லவங்கப் பட்டையின் உறவுக்காரப் பொருள் ஒன்று அதில் இருக்கிறதாம். ஜப்பானியர் அந்த வாசனையில் இலையுதிர் காலத்தையே முகர்கிறார்கள். ஆனால் மூக்குக்கு மூக்கு அபிப்பிராயம் வேறல்லவா? நார்வே தேசத்துக் காட்டில் இதே காளானைக் கண்ட ஆக்ஸல் பிளிட் என்ற தாவர நூலாருக்கு அந்த மணம் சகிக்கவில்லை. அவர் காலமான பிறகு 1905-இல் வெளியான அவருடைய நூலில், குமட்டல் தருவது என்று பொருள்படும் லத்தீன் பெயர் அதற்குச் சூட்டப்பட்டிருந்தது. ஜப்பானியர் தங்கள் காளானுக்கு முறையான லத்தீன் பெயர் வைத்தது 1925-இல்தான். இரண்டு காளானும் ஒன்றே என்று மரபணுவை ஒப்பிட்டு 2000-ஆம் வருஷத்தில் ஸ்வீடனைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் உறுதி செய்தார்கள். சாஸ்திர விதிப்படி முதலில் வைத்த பெயர்தான் நிற்க வேண்டும். அதாவது சக்கரவர்த்திகள் போற்றி உண்ட பண்டத்துக்குக் 'குமட்டல் காளான்' என்று பெயர்! நல்லவேளையாக, விதிக்கு ஒரு விலக்குத் தேடிப் பிடித்து, மாட்ஸுடாக்கே என்ற பெயரையே நிலைநிறுத்தினார்கள்.

சக்கரவர்த்திகள் என்று சொன்னது அலங்காரத்துக்காக அல்ல. எட்டாம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட மான்யோஷு என்ற கவிதைத் திரட்டிலேயே, மலைமுகடு நிறைய முளைத்து மணம் பரப்பும் ஒன்றைப் பற்றிப் பாட்டு இருக்கிறது; அது மாட்ஸுடாக்கே என்றுதான் பொருள் கொள்கிறார்கள். பதினான்காம் நூற்றாண்டில் கென்கோ என்ற துறவி, அரண்மனைச் சமையலறைப் பக்கம் கண்ணில் படும்படி எதைத் தொங்கவிடலாம், எதைத் தொங்கவிட்டால் அசிங்கம் என்று விவாதிக்கிறார். (துறவிக்கு ஏன் இந்தக் கவலை என்று கேட்காதீர்கள். ரசிகத் துறவி அவர்.) அவர் அனுமதிக்கிற சொற்பப் பண்டங்களில் மாட்ஸுடாக்கே ஒன்று. பதினாறாம் நூற்றாண்டில் ஜப்பான் முழுவதையும் ஒரு குடைக்கீழ் கொண்டுவந்த ஹிதேயோஷியைப் பற்றியும் ஒரு கதை சொல்வார்கள். அவர் கியோட்டோ மலையில் காளான் பறிக்க வருவதாகச் செய்தி வந்தது. ஜனங்களோ முன்பே எல்லாவற்றையும் பறித்துக் கொண்டு போய்விட்டார்கள். பயந்துபோன அதிகாரிகள் வேறிடத்திலிருந்து காளான் தருவித்து, ராத்திரியோடு ராத்திரியாக மலையில் நட்டு வைத்தார்கள். கூட வந்த பெண் ஒருத்தி, "இது முளைத்த மாதிரி இல்லையே!" என்று சொல்ல, ஹிதேயோஷி சிரித்துக் கொண்டே, சும்மா இரு என்று அடக்கிவிட்டாராம். கதை நடந்ததோ இல்லையோ, அதில் ஓர் உண்மை இருக்கிறது. காளான் ராஜாவுக்கு உரியது என்று யாரும் நினைக்கவில்லை. ஊர் ஜனங்கள் முந்திக் கொண்டார்கள்.

இவ்வளவு பெருமையுடைய காளான் ஏன் நலிந்தது? மனிதன் காட்டை வெட்டினான், பேராசையில் எல்லாவற்றையும் பறித்தான், ஆகவே அழிந்தது என்று நாம் சட்டென்று விடை சொல்லிவிடுவோம். அநேக உயிர்களின் விஷயத்தில் அது சரியான விடைதான். ஜப்பானிய மாட்ஸுடாக்கேயின் விஷயத்தில் சரித்திரம் தலைகீழாக இருக்கிறது. அதனால்தான் இதை எழுதத் தோன்றியது.

794-இல் கியோட்டோ தலைநகரமானபோது சுற்றுப்புற மலைகளில் பெரும்பாலும் அகன்ற இலை மரங்கள் அடர்ந்திருந்தன. தலைநகரம் என்றால் அரண்மனை வேண்டும், கோயில்கள் வேண்டும், லட்சம் அடுப்புக்கு விறகு வேண்டும். பானை சுட, இரும்பு உருக்க, கடல் நீரைக் காய்ச்சி உப்பு எடுக்க எல்லாவற்றுக்கும் மரம் வேண்டும். மலைகள் மொட்டையாயின. மண் அரித்துச் சாரம் இழந்தது. சாரமற்ற அந்த மொட்டை மண்ணில் முதலில் வந்து கால் ஊன்றுகிற மரம் செம்பைன். வேறு மரம் முளைக்கத் தயங்கும் இடத்தில் அது வளர்வதற்குக் காரணமே, மாட்ஸுடாக்கே போன்ற காளான்கள் வேரோடு சேர்ந்து சத்துத் தேடிக் கொடுப்பதுதான். மனிதன் மலையைச் சூறையாடினான். சூறையாடிய இடத்தில் பைனும் காளானும் குடி வந்தன.

வந்தவை பல நூறு வருஷம் நிலைத்து நின்றதற்கும் மனிதன்தான் காரணம். குடியானவர்கள் மலையை விட்டபாடில்லை. அடுப்புக்குச் சுள்ளி பொறுக்கினார்கள். கரி சுட மரம் வெட்டினார்கள். வயலுக்குத் தழை உரம் வேண்டுமென்று கீழே உதிர்ந்த சருகையும், முளைத்து வந்த புதரையும் வருஷா வருஷம் வாரிக் கொண்டு போனார்கள். எந்தக் கிராமம் எந்த மலையில், எந்த மாதத்தில், எவ்வளவு எடுக்கலாம் என்று கட்டுப்பாடுகள் இருந்தன. காளான் பருவத்தில் பறிக்கும் உரிமையை ஏலம் விட்டு, வரும் பணத்தை ஊர்ப் பொதுவில் சேர்த்த இடங்களும் உண்டு. சருகு மூடாத தரையில் மாட்ஸுடாக்கே செழித்தது. சருகு மக்கி மண் கொழுத்துவிட்டால் மற்றக் காளான்களும் கிருமிகளும் பெருகி அதை நெருக்கித் தள்ளிவிடும். அது ஏழை மண்ணின் பிள்ளை. செல்வம் அதற்கு ஆகாது. ஒரு குடியானவரும் காளானுக்காகச் சருகு வாரவில்லை. வயலுக்காக வாரினார்கள், காளான் தானாக வந்தது.

ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்த பிறகு, எரிந்த பூமியில் முதலில் முளைத்த உயிர் மாட்ஸுடாக்கேதான் என்று ஒரு கதை உலவுகிறது. நான் அதை நம்பவில்லை. உயிருள்ள பைன் வேர் இல்லாமல் அது முளைக்காது. ஆனால் ஹிரோஷிமா வட்டாரம் ஒரு காலத்தில் மாட்ஸுடாக்கேக்குப் பேர் போனது. பாழ்பட்ட பூமியில் முதலில் வருவது பைனும் அதுவுமே என்பது அந்த ஜனங்களுக்குப் பழைய அனுபவம். அந்த அனுபவத்திலிருந்துதான் கதை முளைத்திருக்க வேண்டும்.

1941-ஆம் வருஷம் ஜப்பானியர் மலைகளிலிருந்து இறக்கிய மாட்ஸுடாக்கே 12,000 டன்னுக்கு மேல். அந்தக் கணக்கை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். யுத்தம் முடிந்தது. 1950-களிலும் 60-களிலும் கிராமத்து வீடுகளுக்கு மண்ணெண்ணெய் வந்தது, காஸ் அடுப்பு வந்தது. வயலுக்கு ரசாயன உரம் மூட்டையில் வந்தது. வாலிபர்கள் டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் ரயில் ஏறினார்கள். இனி யார் மலை ஏறிச் சருகு வாருவார்கள்? சுள்ளி பொறுக்கி முதுகு வளைந்த பெண்களுக்கு அது விடுதலை என்பதை நான் மறுக்கவில்லை. அந்த வேலையை நேரில் செய்யாத நாம் அதைப் பற்றிக் கவிதை பேசக் கூடாது. ஆனால் மலையில் வேறொரு காரியம் நடந்தது. சருகு குவிந்தது. புதர் மண்டியது. நூற்றாண்டுக் கணக்கில் வெட்டுண்டு ஒதுங்கியிருந்த அகன்ற இலை மரங்கள் நிமிர்ந்து பைனுக்கு நிழல் கட்டின. பைன் கன்றுக்கு வெயில் வேண்டும். நிழலில் அது பிழைக்காது. போதாக்குறைக்கு, சர்க்கார் ஊக்கத்தில் எத்தனையோ மலைகளில் பழைய மரங்களை அகற்றிவிட்டு, கட்டடத்துக்கு உதவும் ஸுகி, ஹினோக்கி மரங்களை வரிசை வரிசையாக நட்டார்கள். அந்த மரங்களின் வேரோடு மாட்ஸுடாக்கே உறவு கொண்டாடாது. அவற்றின் மகரந்தத்தால் வசந்த காலம் வந்தால் ஜப்பானில் கோடிக்கணக்கான பேர் தும்முகிறார்கள் என்பது கொசுறு.

இதற்கிடையில் வந்து சேர்ந்தான் இன்னொரு பகைவன். ஒரு மில்லிமீட்டர் நீளங்கூட நிரம்பாத நூற்புழு. அதன் பிறப்பிடம் வட அமெரிக்கா. அங்குள்ள பைன் மரங்கள் அதற்குப் பழக்கப்பட்டவை, பெரிதாகச் சாவதில்லை. ஜப்பானில் பைன்கள் காரணம் தெரியாமல் பட்டுப்போவதை முதலில் கவனித்தது நாகசாகியில், 1905-இல். அறுபது வருஷத்துக்கு மேலாகக் குற்றவாளி யாரென்று தெரியவில்லை. வண்டுகள்தான் மரத்தைக் கொல்கின்றன என்று நினைத்துக் கொண்டிருந்தார்கள். 1971-இல்தான் கியோஹாரா, டோக்குஷிகே என்ற இருவர், கொலைகாரன் நூற்புழுவே என்று நிரூபித்தார்கள். வண்டு வெறும் வாகனம். அது மரத்து உச்சியில் இளங்கிளையின் பட்டையைக் கடிக்கும்போது, அதன் மூச்சுக் குழாய்களுக்குள் ஒளிந்து வந்த புழுக்கள் காயத்தின் வழியாக மரத்துக்குள் இறங்கிவிடும். மரத்துக்குள் நீரோட்டம் நின்று போகும். கோடையில் பச்சையாக நின்ற மரம் இலையுதிர் காலத்துக்குள் செம்பட்டையாகிவிடும். சாகிற மரத்தைத் தேடி வண்டு முட்டையிடும். அடுத்த வருஷம் புது வண்டு புதுப் புழுக்களைச் சுமந்து கொண்டு புறப்படும்.

இங்கேயும் அடுப்புதான் குறுக்கே வருகிறது. விறகு எரித்த காலத்தில், பட்டுப்போன மரம் மலையில் நிற்காது. கண்டவர் வெட்டிக் கொண்டு போய்விடுவார். வண்டின் முட்டையும் புழுவும் அடுப்பில் சேர்ந்து எரியும். காஸ் அடுப்பு வந்த பிறகு செத்த மரம் நின்ற இடத்திலேயே நின்று வண்டுகளுக்குப் பிரசவ ஆஸ்பத்திரியாயிற்று. 1970-களின் கடைசியில் ஒரே வருஷத்தில் 20 லட்சம் கன மீட்டருக்கு மேல் பைன் மரம் பட்டுப்போயிற்று.

1941-இன் கணக்கை நினைவில் வைக்கச் சொன்னேன். 2019-இல் ஜப்பானில் கிடைத்த மாட்ஸுடாக்கே 14 டன். மழை பொய்த்த, வெயில் நீடித்த வருஷம் அது என்பதைச் சொல்லிவிட வேண்டும்; மற்ற வருஷங்களில் இதைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கிடைப்பதுண்டு. இருந்தாலும் ஆயிரத்துக்கு ஒன்று என்று தேய்ந்து போனதை மழையின் தலையில் மட்டும் கட்ட முடியாது.

ஜப்பானியர் சும்மா இருப்பார்களா? காசு கொடுத்து வெளிநாட்டில் வாங்கினார்கள். கொரியாவிலிருந்து வந்தது; வட அமெரிக்காவிலிருந்து அதன் ஒன்றுவிட்ட சகோதர இனங்கள் வந்தன; எல்லாவற்றையும்விட அதிகமாகச் சீனாவின் யுன்னான் மலைகளிலிருந்து வருகிறது. அங்கே கதை வேறு. திபெத்தியக் கிராமத்து ஜனங்களுக்கு இந்தக் காளான் பெரிய வரும்படி. வரும்படி கண்டதும் அவசரமும் வந்தது. காளான் தலை காட்டுமுன்பே மண்ணைக் கிளறிக் குஞ்சுக் காளான்களைப் பிடுங்குகிறவர்கள் பெருகினார்கள். சருகை வாருவது வேறு, வெள்ளைக் கோட்டையையே கிளறுவது வேறு. முன்னது அதற்கு உதவி; பின்னது கொலை. சீன சர்க்கார் 1999-இல் மாட்ஸுடாக்கேயை இரண்டாம் தரப் பாதுகாப்புப் பெற்ற இனமாக அறிவித்தது. இன்ன நாளில்தான் பறிக்கலாம் என்று தாங்களே கட்டுப்பாடு வைத்துக் கொண்ட கிராமங்களும் அங்கே உண்டு. ஹிதேயோஷி காலத்து ஜப்பானியக் கிராமங்களை அவை எனக்கு நினைவூட்டுகின்றன.

ஆகவே சிவப்புப் பட்டியலில் ஒரே பெயருக்கு எதிரே இரண்டு வியாதி இருக்கிறது. யுன்னானில் மனிதனின் கை அதிகமாகப் படுகிறது. ஜப்பானில் மனிதனின் கை படவே இல்லை. புலிக் காட்டுக்குச் செய்வது போல ஜப்பானிய மலையைச் சுற்றி வேலி போட்டு, உள்ளே யாரும் நுழையாதே என்று பலகை மாட்டினால், அதுவே மாட்ஸுடாக்கேக்குச் சமாதிக் கல்லாகிவிடும். காடு அழியாது, காடு இன்னும் அழகாகக்கூட அடர்ந்து நிற்கும். காளான் மட்டும் இராது. எந்தக் காட்டைக் காப்பாற்றுவது? ஆயிரத்து இருநூறு வருஷத்துக்கு முன்பு மனிதன் வெட்டிய காட்டையா, வெட்டிய பிறகு அவனோடு வாழ்ந்த காட்டையா? தாவர நூலார்களுக்குள்ளேயே இதில் கருத்து ஒன்றாக இல்லை. என்னைக் கேட்டால், எல்லா மலையையும் பைன் மலையாக்க வேண்டாம். ஊரை ஒட்டிய சில மலைகளையாவது பழைய குடியானவன் வைத்திருந்தபடி வைத்துக் கொள்ளலாம் என்பேன்.

கியோட்டோ நகரின் வடபுறம் இவாகுரா என்ற இடத்தில் 2005-இலிருந்து ஒரு கூட்டம் அதைத்தான் செய்து வருகிறது. உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர்கள், குடும்பப் பெண்கள், மாணவர்கள் என்று பல தரத்தினர் கூடுகிறார்கள். கூலி கிடையாது. நிழல் கட்டும் மரங்களை வெட்டுகிறார்கள், பட்டுப்போன பைனை அப்புறப்படுத்துகிறார்கள், மண் தெரியும்வரை சருகைச் சுரண்டி வாருகிறார்கள். பாட்டன்மார் வயலுக்காகச் செய்ததைப் பேரன்மார் காளானுக்காகச் செய்கிறார்கள். மலையை மீட்டு எல்லோரும் சேர்ந்து சுகியாக்கி சமைத்துச் சாப்பிட வேண்டும் என்பதுதான் அவர்களுடைய கோஷம். சுகியாக்கி என்பது இறைச்சியும் காய்கறியும் காளானும் போட்டு, சுற்றி உட்கார்ந்து கொதிக்கக் கொதிக்க உண்ணும் பதார்த்தம்.

விதையிலிருந்து முளைக்கிற செம்பைன் தோப்பு, வேரில் மாட்ஸுடாக்கே பிடித்துக் காளான் விடுவதற்கு 20, 30 வருஷம் ஆகும். அறுபது வயதுக்கு மேல் மலை ஏறிச் சருகு வாருகிறவர்களுக்கு இந்தக் கணக்குத் தெரியாமலா இருக்கும்? இருந்தும் வாருகிறார்கள். அதுவரை சுகியாக்கியில் போடுவதற்கு யுன்னான் காளான் கடையில் கிடைக்கிறது.